கிணற்றுக் கயிறு

முப்பது வருடமாக நான் செய்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் பெயர் கிடையாது. மருதமுனைத் தெருவில் "கொம்பியூட்டர் பாக்கிற காக்கா" என்பார்கள். கடற்கரைக்குப் போனால் "மழை சொல்ற காக்கா" ஆகிவிடுவேன். இரண்டும் சரியில்லை. மழையைச் சொல்கிறவர்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தில் இருக்கிறார்கள்; மழையை ஆராய்கிறவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். இவர்கள் கையாளும் மென்பொருள்களில் பல, யாரும் எடுத்துப் பார்க்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருள்கள். அவற்றை இங்குள்ள கணினிகளில் ஓடவைக்க வேண்டும். பிறகு ஓடிக்கொண்டே இருக்கவைக்க வேண்டும். அந்த இரண்டாவது காரியத்தில்தான் என் காலம் போனது.

அதன் அருமையை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு கிணறு. எங்கள் தெருமுனையில் உம்மம்மாவின் குடும்பத்தார் வக்பு செய்த கிணறு அது. கிணற்றோடு நாலு தென்னையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். தேங்காய் விற்ற காசில் கயிறும் வாளியும் வாங்குவது, வருடத்துக்கு ஒருமுறை இறைத்துத் தூரெடுப்பது என்று எங்கள் குடி மரைக்காயர் பார்த்துக்கொண்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தது. அப்போது எனக்குப் பத்து வயது. விடிந்து பார்த்தால் நாலு தென்னையும் சாய்ந்து கிடந்தன. கிணற்றுக்கு ஒரு கீறல் இல்லை. அடுத்த வருடம் கயிறு அறுந்தது. புதுக் கயிறு வாங்குவது யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டே சில மாதம் போனது. அதற்குள் சனம் வேறு கிணற்றுக்குப் பழகிவிட்டது. இன்னும் நாலைந்து வருடத்தில் அதற்குள் குப்பை விழுந்தது. வக்பு கிணறு, விற்க முடியாது, யாரையும் தண்ணீர் அள்ளாதே என்று தடுக்கவும் முடியாது. ஆனால் அள்ளத்தான் வழியில்லை.

நான் சம்பளத்துக்குக் கணினியைத் தொட்டது 1996இல். நாடு முழுக்க வரட்சி. நீர்த்தேக்கங்கள் வற்றி, மணிக்கணக்கில் மின்வெட்டு. எனக்குக் கிடைத்த வேலை, மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை அளந்து எழுதிய கொப்பிகள் ஒருபக்கம். தானாகப் பதியும் மழைமானியின் உருளையில் சுற்றிய வரைதாள்கள் இன்னொருபக்கம். பேனை ஏறி இறங்கிய கோட்டை வைத்து எந்த மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று வாசிக்க வேண்டும். தறியில் இருந்து எழும்பி வந்த வாப்பா ஒருநாள் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் நூல் எண்ற வேலதானே மகன்" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் விலை கொடுத்து வாங்கிய புள்ளியியல் மென்பொருள் ஒன்று இருந்தது. கணினியின் பின்புறத்தில் ஒரு சிறு பூட்டுச் சாவியைச் செருகினால்தான் அது திறக்கும். அதில்தான் எல்லாவற்றையும் ஏற்றினேன். 2000க்குப் பிறகு ஒரு நண்பர் லினக்ஸ் இறுவட்டு ஒன்றும் கிராட்ஸ் என்ற வானிலை வரைபட மென்பொருளும் கொண்டுவந்து தந்தார். அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிலையத்தில் பிரையன் டோட்டி என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. கிராட்ஸுக்கு ஊட்டுவதற்காக அதே மழைத் தரவை வெறும் எழுத்துக் கோப்பாக இன்னொரு பிரதி எடுத்தேன். அப்போது அது எனக்கு விளையாட்டு.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மவுத்து. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒரே வரிசையில் வீடுகள் இல்லாமல் போயின. அந்தக் கணக்கில் ஒரு கணினி பெரிய இழப்பில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் மழைத் தரவின் நினைவே வந்தது. சம்மாந்துறையில் மச்சான் வீட்டு அலுமாரியில் இரண்டு இறுவட்டுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அந்த விலைமென்பொருளின் கோப்புகள். சாவி கடலோடு போயிருந்தது. கேட்டு எழுதியபோது, அந்தப் பதிப்புக்கு இனிச் சாவி தருவதில்லை, புதுப் பதிப்பை வாங்குங்கள் என்று பதில் வந்தது. மற்ற இறுவட்டில் என் விளையாட்டுக் கோப்பு. எந்தக் கணினியிலும் திறந்தது. எட்டு வருடத்து உழைப்பில் மிஞ்சியது அது மட்டுந்தான். அன்றிலிருந்து பூட்டுள்ள எதிலும் ஊர்த் தரவைப் போட்டதில்லை.

அந்த நாட்களில் முகாம்களில் பெயர்ப் பட்டியல் எழுதினேன். பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு பட்டியல், பள்ளிவாசலில் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று. ஒரே பிள்ளையின் பெயர் மூன்று விதமாக. கொழும்பில் சில மென்பொருள்காரர்கள் இதற்கென்றே ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அதுதான் சஹானா, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். சஞ்சீவ வீரவரண தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசனைச் சுற்றியிருந்த தொண்டர்கள் ராப்பகலாக இருந்து சில வாரங்களில் எழுதியது. காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியலாம். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அது பயன்பட்டது. பிறகு பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குத்தான் கொடுத்தது. நம் நாட்டில் பிறந்த ஒரு மென்பொருள் உலகத்துக்குப் போனது.

நான் அதிகம் யோசித்தது அதற்குப் பின்னால் நடந்ததை. ராப்பகலாக எழுதியவர்களுக்கு வேலை இருந்தது, குடும்பம் இருந்தது. அனர்த்தம் வரும்போது ஆயிரம் பேர் ஓடிவருவார்கள். அடுத்த அனர்த்தம் வரும்வரை அந்த நிரலை யார் துடைத்து வைத்திருப்பது? 2009இல் சஹானாவுக்கென்றே தனி அறக்கட்டளை அமைத்தார்கள். வேறொரு கிளை பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. அப்படித்தான் அது தாக்குப்பிடித்தது. வானிலை மென்பொருளுக்கு இந்த விடயத்தில் ஒரு வசதி உண்டு. உலகில் எங்கோ ஒரு மாணவன் தினமும் அதை ஓட்டுகிறான். உடைந்தால் அன்றைக்கே கூப்பாடு போடுகிறான். தினமும் ஆள் இறைக்கிற கிணறு லேசில் தூர்வதில்லை.

2006 ஏப்ரலில் நாட்டின் கடிகாரம் மாறியது. 1996 மின்வெட்டுக் காலத்தில் பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க முன்தள்ளிய முட்களை, சித்திரைப் புத்தாண்டு கழிந்த மறுநாள், 15ஆம் திகதி, பழையபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்று வைத்தார்கள். ஊருக்கு அது அரை மணித்தியாலத்துச் சமாச்சாரம். எனக்குத் தலையிடி. 1997 இறுதியில் ஏவப்பட்ட டிரிம் செய்மதியையும் வேறு செய்மதிகளையும் சேர்த்துச் செய்த மழைக் கணக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிடைத்தது, கிரீன்விச் நேரப்படி. எங்கள் வரைதாள்கள் உள்ளூர் நேரப்படி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் செய்மதி சொல்வது சரியா என்று தெரியும். இடைப்பட்ட பத்து வருடமும் கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னே என்று எடுத்துக்கொண்டு, நேரத்தை மாற்றுவதற்கு நாற்பது வரியில் ஒரு நிரல் எழுதினேன். கொஞ்சநாள் கழித்து அதைத் தரவோடு சேர்த்து எல்லோருக்கும் பொதுவில் வைத்தேன். எனக்கு அதில் பெருமை. எத்தனையோ மாணவர்கள் எடுத்துப் பாவித்தார்கள். இதற்குப் பிறகு வருகிறேன்.

2011 ஜனவரி வெள்ளத்தின்போதுதான் டபிள்யூஆர்எஃப் என்ற பெரிய மாதிரியோடு மல்லுக்கட்டினேன். கொலராடோவின் போல்டர் நகரத்து வளிமண்டல ஆய்வு மையமும் வேறு நிறுவனங்களும் சேர்ந்து வளர்த்த மாதிரி. வளிமண்டலத்தைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் கணக்கிட்டுக்கொண்டு போகும். இலவசம்தான். ஆனால் அதை நிறுவ முதலில் நெட்சிடிஎஃப் வேண்டும்; அதற்குக் கீழே வேறொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி நிற்கும் என்பதை அறிந்த வீட்டில் பிறந்தவன் என்பதால் பொறுமை இருந்தது. பதினோராம் நாள் ஓடியது. மட்டக்களப்பும் அம்பாறையும் தண்ணீரில் கிடக்க, என் மாதிரி அவ்வளவு மழையையும் கொண்டுபோய்க் கடலில் கொட்டியது. பிழை மாதிரியில் இல்லை. மேக உருவாக்கத்துக்கு நான் தெரிவு செய்த முறையும் சதுரத்தின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் போனது. நிரல் திறந்திருந்ததால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. மூடியிருந்தால் "மாதிரி சரியில்லை" என்று சொல்லி விட்டிருப்பேன்.

பிறகு வந்தது ஒரு கெட்ட காலம். 2019 தொடக்கத்தில், வானிலை வரைபடங்களுக்கு நாங்கள் நம்பியிருந்த என்சிஎல் மொழியில் இனிப் புது வசதிகள் சேர்ப்பதில்லை, பைதனுக்கு மாறுகிறோம் என்று போல்டர் மையம் அறிவித்தது. பைதனிலோ இரண்டாம் பதிப்பு 2020 ஜனவரி 1ஓடு கைவிடப்பட்டது. வரைபடத்துக்குக் கரையோரக் கோடு போடுகிற பேஸ்மேப்பையும் அதோடு நிறுத்துவதாகச் சொல்லி, எல்லோரையும் பிரித்தானிய வானிலை அலுவலகத்தில் பிறந்த கார்டோபைக்குப் போகச் சொன்னார்கள். அதே வருடம் ஃபோர்ட்ரான் நிரல்களைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித்தரும் இலவசத் தொகுப்பியின் பத்தாம் பதிப்பு வந்தது. அதுவரை கண்டும் காணாமல் விட்ட ஒரு வகைப் பிழையைப் புதுப் பதிப்பு ஏற்க மறுத்தது. எங்கள் டபிள்யூஆர்எஃப் கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் புதுக் கணினியில் நிறுவ முடியவில்லை. பழைய தாராளத்தைத் திரும்பக் கேட்கும் ஒரு கட்டளையைச் சேர்த்தால் போதும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தை எந்த ஆய்வுக் கட்டுரையும் எழுதாது.

மென்பொருளைப் பேணுவது என்றால் இப்படிப்பட்ட வாரங்கள்தான். புதிதாக ஒன்று செய்தால் பாராட்டு உண்டு, பதவி உயர்வுக்குப் புள்ளி உண்டு. நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறது என்று காட்டினால், "அதில் என்ன புதுமை?" என்பார்கள். வாப்பாவின் தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறவருக்குத் தனிக் கூலி கிடையாது. முடிச்சு வெளியே தெரிந்தால் ஏச்சு. தெரியாவிட்டால் அவர் வேலை செய்ததே தெரியாது.

நானும் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தது கடற்றொழிலாளர்களுக்குப் படம் போட்டபோது. காற்று வரைபடத்தில் ஊர்ப்பெயர்களைத் தமிழில் போட்டால், மாட்பிளாட்லிப் என்ற பைதன் வரைகருவி கல்முனையைக் கொலை செய்தது. 'மு' உடைந்து இரண்டாய் நின்றது. 'னை'யின் கொம்பு எழுத்துக்கு முன்னே வருவதற்குப் பதிலாகப் பின்னால் போய் ஒட்டியது. பொத்துவிலின் 'பொ' இன்னும் கேவலம். ஒரு வள்ளக்காரர் பார்த்துவிட்டு, "எந்த நாட்டுக் கடல் காக்கா இது?" என்று கேட்டார். எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் வேலையை அந்தக் கருவி அப்போது செய்யவில்லை என்பது காரணம். அதைத் திருத்தும் அளவுக்கு எனக்கு அறிவில்லை. ஆனால் எந்த எழுத்து எப்படி வர வேண்டும், எப்படி வருகிறது என்று பத்து ஊர்ப்பெயர்களை வைத்துப் படத்தோடு எழுதி அனுப்ப முடிந்தது. பதில் எழுதியவர் தமிழ் எழுத்தையே பார்த்திராத ஒருவர். மூன்று கேள்வி கேட்டார், மூன்றும் நல்ல கேள்வி. திருத்தம் உடனே வரவில்லை. பெயர்களை வேறொரு மென்பொருளில் படமாக எழுதி மேலே ஒட்டிச் சமாளித்தேன். ஆனால் அன்றிலிருந்து என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: முதல் பங்களிப்பு நிரலாக இருக்க வேண்டியதில்லை. நம் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பிழையை ஒழுங்காக எழுதி அனுப்புங்கள்.

அந்த மாட்பிளாட்லிப்புக்கும் ஒரு கதை உண்டு. அதைத் தொடங்கிய ஜோன் ஹண்டர் மூளை ஆய்வாளர். 2012 ஓகஸ்டில் 44 வயதில் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால் இறந்துபோனார். உலகமே படம் வரையும் கருவியின் மூலவர் போனபிறகும் அது நிற்கவில்லை. அவர் இருக்கும்போதே சாவி வேறு கைகளிலும் இருந்தது. பணம் வருவது வேறு கதை. பைதனில் எண்களோடு வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற நம்பையின் முதல் முழுப் பதிப்பு 2006இல் வந்தது. மூர், ஸ்லோன் என்ற இரண்டு அறக்கட்டளைகள் பெரிய கொடை கொடுத்தது 2017இல். அதுவரை தொண்டர்களின் இரவுகளில் ஓடியது. நெட்சிடிஎஃபைப் பேணும் யுனிடேட்டா அமெரிக்க அரசுப் பணத்தில் பல பத்தாண்டு நடந்த நிலையம். 2025 மே மாதத்தில் நிதி வந்து சேராமல் பெரும்பாலான பணிகளை நிறுத்தி, ஊழியர்களில் பெரும்பகுதியினரைச் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பியது. அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்குச் சாய்ந்து கிடந்த நாலு தென்னைதான் ஞாபகம் வந்தது. பணக்கார நாட்டுக் கிணறு என்று நம்பியிருந்தோம். அங்கேயும் கயிறு மரத்தில்தான் தொங்கியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டித் தருகிறவர்களுக்குக் குறைவில்லை. சுனாமிக்குப் பிந்திய ஒரு திட்டத்தில் வெள்ள முன்னறிவிப்புக்கென்று கணினிச் சேவையகம் ஒன்று கிடைத்தது. மூன்று வருடத் திட்டம். நாடா வெட்டிக் கையளிப்பு விழாவும் நடந்தது. திட்டம் முடிந்த வருடமே மின்கலம் செத்தது. வாங்க எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. கடவுச்சொல் தெரிந்தவர் வெளிநாடு போய்விட்டார். இப்போது அதன் மேல் கோப்புகள் அடுக்கியிருக்கிறார்கள். அடுத்த முறை நிதி தர வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "நாலாவது வருடம் யார் பார்ப்பது?" வந்தவர்கள் சிரித்துவிட்டு, அது எங்கள் வரையறைக்குள் இல்லை என்றார்கள்.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு பல நாள் நான் கணினியைத் திறக்கவில்லை. பலத்த மழை வரும் என்ற எச்சரிக்கை இருந்தது. மாதிரிகளும் மழையைக் காட்டின. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவில் அந்த வீதி மாரியில் எந்த இடத்தில் மூழ்கும், எவ்வளவு தண்ணீரில் இழுக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோப்புக்கும் தெரியாது. என் மாதிரியின் ஒரு சதுரத்துக்குள் அந்த வீதி முழுவதும் அடங்கிவிடும். போல்டரில் இருக்கிற எவராலும் அந்தக் குறையை நிரப்ப முடியாது. அதன் பிறகு நானும் இரண்டு மாணவர்களும் ஒவ்வொரு மாரியிலும் மதகுகளில் தண்ணீர் ஏறிய மட்டத்தை அளந்து, திகதியும் நேரமும் போட்டு எழுதுகிறோம். அடுத்த வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வருடத்துக் கணக்கு. ஒரு வருடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் இருபது வருடம் யாராவது எழுத வேண்டும்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் சாய்ந்தமருதுப் பிள்ளை. நான் ஓய்வுபெறப் போகிறேன் என்று தெரிந்ததும் என் பழைய நிரல்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். ஒருநாள் பின்னேரம் மடிக்கணினியோடு வந்து நின்றார்.

"சேர், தொண்ணூத்தாறு மே மாசத்தில இருந்து ஒக்டோபர் வரைக்கும் ஆறு மணித்தியாலமா, ஆறரையா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் நேரவலயத் தரவுத்தளத்தைத் திறந்து காட்டினார். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கி, பிறகு போல் எகர்ட்டும் தொண்டர்களும் பார்த்துவருகிற பொதுச் சொத்து. நம் கைப்பேசிகளின் கடிகாரம்கூட அதைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அதில் கொழும்பு என்ற தலைப்பின் கீழ் தெளிவாக இருந்தது. 1996 மே 25ஆம் திகதி ஆறரை. ஒக்டோபர் 26இல்தான் ஆறு. நான் பத்து வருடத்துக்கும் ஆறு என்று எழுதியிருந்தேன். அந்த ஐந்து மாதமும் கிழக்கில் கச்சான் வீசுகிற காலம், மழை குறைவு. அதனால் பத்தொன்பது வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. பொதுவில் இருந்த கணக்கை எடுக்காமல் நானே கயிறு திரித்ததற்குக் கிடைத்த கூலி.

அன்றைக்கே என் நாற்பது வரியையும் அழித்துவிட்டு, அந்தத் தரவுத்தளத்தைக் கேட்கும் மூன்று வரியை எழுதினார். முன்னர் பாவித்தவர்களுக்கு அறிவித்தல் போட்டார்: எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை பிழை, யார் எழுதிய பிழை, யார் திருத்தியது. என் பெயர் சரியான இடத்தில் இருந்தது.

கோப்பின் தலையில் பொறுப்பாளர் என்ற வரியில் என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள் மகள் என்றேன். போட்டார். பிறகு அதற்குக் கீழே இன்னொரு வரி திறந்து, வெறுமையாக விட்டார்.

"இது என்ன?"

"ரெண்டாவது ஆள் சேர். அந்தப் பேர் வராம நான் இதப் பாரமெடுக்க மாட்டன்."

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.